சரசு அக்காவின் பின்கதவு

தொழிற்சாலையின் நலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். சம்பளம், விடுப்பு, மருத்துவச் செலவு எல்லாவற்றுக்கும் இப்போது கணினியே பதில் சொல்லிவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஆனால் ஒரு நாள், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண் ஒருத்தி உங்கள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "சார், புள்ளைய எங்க விடலாம்?" என்று கேட்பாள். அதற்குக் கணினி பதில் சொல்லாது. சொன்னாலும் நம்பாதீர்கள்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், செனாயில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் பிள்ளை பராமரிப்பு இல்லங்களை, இங்கே எல்லாரும் சொல்வதுபோல் தாஸ்காக்களை, நேரில் போய்ப் பார்த்துவந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. பிள்ளையைப் பற்றிய கவலை வந்துவிட்டால் தாய் வேலையில் நிலைக்கமாட்டாள், அவள் போனால் புது ஆளைப் பிடித்துப் பழக்கவேண்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லி வெளியே போக அனுமதி வாங்குவேன். உண்மையில் எனக்கு எங்கே இருந்தாலும் கவலைதான். போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் இரவு தூக்கம் வரும்.

எண்ணுவது என் பழக்கம். கோயிலுக்குப் போனால் சாமியைக் கும்பிடாமல் தூணை எண்ணுகிற மனுசன் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். தாஸ்காவுக்குப் போனாலும் அப்படித்தான். சுவரில் வரைந்திருக்கும் யானையையும் முயலையும் பார்க்கமாட்டேன். பிள்ளைகள் எத்தனை, பார்த்துக்கொள்ளும் கைகள் எத்தனை, கதவுகள் எத்தனை, தீப்பிடித்தால் ஒரு ஆள் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியும். சட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது, அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். ஓடமுடியுமா என்பதைப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றபோது எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு யோசனை. காலையில் போகாதே என்றார். காலையில் பிள்ளைகள் குளித்துப் பவுடர் பூசி உட்கார்ந்திருக்கும், எல்லா இடமும் நன்றாகத் தெரியும். மாலை நாலு மணிக்குப் போ. பிள்ளைகள் களைத்திருக்கும், பார்த்துக்கொள்கிறவர்களும் களைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ அதுதான் அந்த இடம்.

அப்படி நாலு மணிக்குப் போன ஒரு நாளைப் பற்றித்தான் சொல்லவருகிறேன்.

கோகிலா எங்கள் அசெம்பிளி பகுதியில் வேலை பார்த்தவள். ரெங்கத்துப் பெண். கணவன் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. முதல் குழந்தைக்கு அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை. அவள் பகுதிக்கு லைன் லீடர் பதவி காலியாகியிருந்தது. அடுத்த வாரத் திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினால் அந்தப் பதவி அவளுக்கு என்று மேலாளர் என்னிடமே சொல்லியிருந்தார். திரும்பாவிட்டால் காத்திருக்கமாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்.

பிள்ளையை விட அவள் இடம் பார்த்துவிட்டிருந்தாள். சரசு அக்கா வீடு. நான் சும்மா ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்றாள்.

சரசு அக்காவைத் தெரியாதவர்கள் எங்கள் ஆலையில் இல்லை. பக்கத்துக் குடியிருப்பில், இங்கே சொல்வதுபோல் தாமானில், கோடி வீடு. அவருடைய அம்மா ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். பால்மரம் சீவப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில்தான் அக்காவும் வளர்ந்தார். அவரிடம் விட்ட பிள்ளை அழுது யாரும் பார்த்ததில்லை. சோறு, ரசம், உருளைக்கிழங்கு எல்லாம் வீட்டுச் சமையல். மாதக் காசு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் முகம் சுளிக்கமாட்டார். அதனாலேயே அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. எத்தனை பிள்ளைகளுக்குப் பதிவு, எத்தனை பிள்ளைகள் இருக்கின்றன, உதவிக்கு யார் என்றெல்லாம் சொந்த அக்காவிடம் எப்படிக் கேட்பது?

கோகிலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் எண்ணிவிட்டேன். சின்னச் செருப்புகள் ஒன்பது ஜோடி. பெரிய செருப்பு ஒரே ஜோடி. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆள் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, கோகிலாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் அக்காவோடு பேசிக்கொண்டே சமையலறை வரை போய்த் திரும்பினாள். என் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "செருப்பு நடக்குற புள்ளைக்குத்தான சார். உள்ள நாலு பால் போத்தல் காயுது" என்றாள்.

ஆக, பதின்மூன்று. அன்றிலிருந்து நான் போத்தல்களையும் எண்ணத் தொடங்கினேன். நீங்களும் எண்ணுங்கள்.

உதவிக்கு ஒரு பெண் வருவாள், ஆனால் தன் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மூன்று மணிக்கே போய்விடுவாள் என்று அக்கா தானாகவே சொன்னார். மறைக்கவேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை. பதிவு எத்தனை பேருக்கு என்று நான் கேட்டதும் சிரித்தார்.

"எட்டுக்குத்தான் சார். எட்டோட நிறுத்தலாம்னுதான் பாக்குறேன். ஒவ்வொருத்தியும் அழுதுகிட்டு வந்து நிக்கிறா. எவள போன்னு சொல்றது?"

அவர் சொல்லி முடிக்குமுன், பாயில் படுத்திருந்த ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல் இருந்ததாம். கண் மேலே சொருகி, கைகால் வெட்டியது. அக்கா கத்தவில்லை. பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, வெட்டு நிற்கும்வரை பக்கத்தில் இருந்தார். நின்றதும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் காரை எடுத்தார். கிளினிக் கடைவரிசையில், பக்கம்தான். படியிறங்கும்போது திரும்பி, தோளில் பிள்ளையோடு நின்ற கோகிலாவைப் பார்த்து, "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றார். வந்து அரை மணி நேரம்கூட ஆகாத ஒருத்தியிடம் அத்தனை பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டு அவர் போகவேண்டியிருந்தது. அவருக்கு வேறு வழியும் இல்லை. ஒரே ஆள் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால், மற்ற பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. தாஸ்கா தேடும் எந்தப் பெற்றோரும் இதை யோசிப்பதில்லை. இதை மட்டும் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சம் பன்னிரண்டு பேர். கோகிலாவின் பிள்ளையை நான் சேர்க்கவில்லை. நான் முன்கதவின் கிரில்லைச் சாத்திவிட்டு நாற்காலியை அதன் முன்னால் போட்டு உட்கார்ந்து எண்ணினேன். கோகிலா ஒன்றை மடியில் போட்டு, ஒன்றைக் காலால் தொட்டிலாட்டி, பெரிய பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வலிப்பைப் பார்த்துப் பயந்திருந்த பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. நன்றாகச் சமாளித்தாள். நான் திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு. ஒரு கைக்குழந்தை அழுதது, அதற்குப் போத்தலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பாலாற்ற இருவரும் கொஞ்சம் தடுமாறினோம். அழுகை நின்றதும் மறுபடி எண்ணினேன். பதினொன்று.

நான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று கோகிலா நினைத்தாள். அவளே எண்ணினாள். பதினொன்று. குளியலறை, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று தேடினோம். பிறகு சமையலறைக்குப் போனோம். பின்கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் பின்சந்து, சாக்கடை, மூலையில் பெரிய சாலை.

எந்தப் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் இன்னும் மறக்கமுடியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட முடியாது. எங்களோடு இருந்த பிள்ளைகளில் மூத்தவளைக் கேட்டதும், "தர்ஷன் இல்ல. மாமா கூட போய்ட்டான்" என்றாள். எந்த மாமா என்று கேட்டால், மாமா என்றாள். தோட்டத்து வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லா ஆண்களும் மாமாதான். என்னையும் அவள் மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். ஓடிப்போய்ச் சந்தில் தேடவேண்டும் என்று கால் துடித்தது. ஓடியிருந்தால் கோகிலா தனியாக இருந்திருப்பாள், அடுத்த பிள்ளை போனாலும் தெரிந்திருக்காது. முதலில் பின்கதவைத் தாழிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு மலாய்க்காரரைக் கூப்பிட்டுச் சந்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் கேள்வி கேட்காமல் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

அக்காவுக்குப் போன் பண்ணலாம் என்றாள் கோகிலா. நான் வேண்டாம் என்றேன். வலிப்பு வந்த பிள்ளையோடு கிளினிக்கில் இருப்பவரால் அங்கிருந்து என்ன செய்யமுடியும்? தாய்க்குத்தான் சொல்லவேண்டும்.

"கெடச்சிட்டா? சும்மா பயமுறுத்தினதா ஆகாதா சார்?"

"கெடச்சா சந்தோஷம். மொதல்ல அவளுக்குத் தெரியணும்."

இதைப் பலரும் மாற்றிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தாய் பதறுவாளே என்று, தெரிந்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுவார்கள். பிள்ளை யாரோடு போயிருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம். அங்கே பிள்ளையை விடும் தாய்மார் எல்லாரும் எங்கள் ஆலைதான். ஆலைக்குள் யாரும் கைப்பேசி வைத்துக்கொள்ளமுடியாது, அது லாக்கரில் இருக்கும். நான் அலுவலகத்துக்குப் போன் செய்து, தர்ஷன் யார் பிள்ளை என்று விசாரித்து, அவன் தாயை லைனிலிருந்து கூட்டிவரச் செய்தேன். அவள் வரும்வரை தொலைபேசியில் இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. "தம்பியா இருக்கும் சார்" என்றாள். பிறகு, "தம்பியாத்தான் இருக்கணும்" என்றாள். அவனுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். நான் காவல் நிலையத்தின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பினால் உடனே அழைப்பது என்று முடிவு செய்தேன். அவர் வெறுங்கையோடுதான் திரும்பினார். நான் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தபோது தாய் மறுபடி அழைத்தாள். தம்பி எடுத்துவிட்டானாம். பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பையனுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறானாம்.

அவன் பையனோடு வந்து சேர்ந்தபோது அக்காவும் திரும்பியிருந்தார். காய்ச்சல் வலிப்புதான், பயமில்லை என்று மருத்துவர் சொல்லி, அந்தப் பையனின் தந்தை நேராகக் கிளினிக்கிலிருந்தே கூட்டிப்போய்விட்டார். தம்பிக்காரன் இருபது வயதுப் பையன். வாசலில் இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து மிரண்டான்.

"அலமாக், என்னா சார் இது? எப்பவும் பின்னாடிதான வருவேன். அக்கா சமைச்சுகிட்டு இருப்பாங்க, 'கூட்டிட்டு போறேன்கா'ன்னு சொல்வேன். இன்னிக்கு யாரையும் காணோம். இவனே ஓடி வந்து கால கட்டிகிட்டான்."

அவன் பொய் சொல்லவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். அக்காவின் அம்மா நடத்திய ஆயாக் கொட்டகையிலும் அப்படித்தான். அங்கே பிள்ளையைத் தூக்கிப்போக வருகிறவன் எந்த லயத்து வரிசையில் எந்த வீட்டுக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டத்தைவிட்டு வெளியே போக ஒரே பாதை. அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து பெரிய சாலையோரத் தாமானில் வைத்தார் சரசு அக்கா. நாங்களும் அதைப் பாசம் என்று மெச்சிக்கொண்டிருந்தோம்.

அக்கா பின்கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. கோகிலாதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் பிள்ளையை அவர் மடியில் வைக்கவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இவள உங்ககிட்ட விடணும்னுதான் வந்தேன். உங்ககிட்டதான் விடணும். ஆனா நீங்க யாருக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்றீங்க. புள்ளைய கூட்டிட்டு போக வர்றவனுக்கும் மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க."

அக்கா எழுந்து பின்கதவின் தாழை இழுத்துப் பார்த்தார்.

அடுத்து நான் செய்ததைச் சிலர் தவறு என்பார்கள். அன்றே புகார் கொடுத்து அந்த வீட்டை மூடவைத்திருக்கலாம். மூடியிருந்தால் மறுநாள் காலை பதின்மூன்று தாய்மார்கள் பிள்ளைகளை இதைவிட மோசமான இடங்களில் விட்டிருப்பார்கள், அல்லது வேலையை விட்டிருப்பார்கள். அதுவும் எண்ணவேண்டிய கணக்குதான். அக்காவிடம் ஒரே வாரம் கெடு சொன்னேன். அந்த வாரம் முழுவதும் உதவிக்காரப் பெண் மாலை வரை இருக்கவேண்டும், அவள் மகனைப் பள்ளி வேனில் வரச்செய்ய வேண்டும். எட்டுக்கு மேல் இருக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் நான் இடம் தேடுகிறேன் என்றேன். வாரம் முடிந்து ஒன்பதாவது ஆளைப் பார்த்தால் நானே புகார் கொடுப்பேன் என்றும் சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். இரண்டு பிள்ளைகளுக்குச் செனாயிலேயே வேறு இடம் கிடைத்தது. கணவனும் மனைவியும் மாறிமாறிப் பிள்ளையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும்படி, மூன்று தாய்மார்களுக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்கச் சொல்லி மேலாளரோடு சண்டை போட்டேன். அவர் என்னைக் கண்டாலே அறைக்கதவைச் சாத்துகிற அளவுக்குப் போய்விட்டது.

இதில் ஒன்றை நான் யோசிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் கோகிலா என் அறைக்கு வந்து நின்றாள்.

"இடம் இல்லன்னுட்டாங்க சார், சரசு அக்கா. எட்டுதானாம். புத்தி சொன்னது நானு, இடம் போனதும் எனக்கா?"

நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. வேறு இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தோம். ஒன்றில் கேமரா இருந்தது, கைப்பேசியிலேயே பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். ஆலைக்குள் கைப்பேசி இல்லாதவளுக்கு அது எதற்கு? இன்னொன்றில் உடனே சேர்த்துக்கொள்கிறோம், இன்னும் எத்தனை பேர் இருந்தாலும் கூட்டிவாங்க என்றார்கள். கோகிலா அங்கே உட்காரக்கூட இல்லை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்தாள். லைன் லீடர் பதவி வேறொருத்திக்குப் போனது. நான் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஜனவரியில் அக்கா வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பாலர் பள்ளிக்குப் போனது. அக்கா முதலில் கூப்பிட்டது கோகிலாவைத்தான்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு மாலை நல்ல மழை. கோகிலா அப்போது லைன் லீடராகிவிட்டிருந்தாள். அன்று அவசரமாகச் சரக்கு அனுப்பவேண்டும், எல்லாருக்கும் கூடுதல் நேர வேலை, ஓ.டி. கணவன் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். நான் வீட்டுக்குப் போகிற வழிதான் என்பதால், பிள்ளையைக் கூட்டிப்போய் என் மனைவியிடம் விடமுடியுமா என்று கேட்டாள். போனேன்.

முன்பக்கம்தான் போகமுடியும். பின்கதவில் அக்கா இரும்புக் கிரில் போட்டு வருடங்களாகிவிட்டன. குடையோடு கேட்டில் நின்று விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து கோகிலாவின் மகள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

அக்கா கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க சார், நனையாதீங்க. தே ஓ போடுறேன். புள்ளைய மட்டும் கேக்காதீங்க."

"அக்கா, நான்தான்."

"தெரியும் சார். புள்ளைய கூட்டிட்டு போகலாம்னு கோகிலா எழுதிக் குடுத்த பேருங்கள்ல உங்க பேரு இல்ல. அவ போன்ல சொன்னாலும் குடுக்கமாட்டேன்."

இத்தனை வருடம் பழகிய மனுசியிடம் அதைக் கேட்டதும் காது சூடானது. உடனே ஆலைக்குப் போன் செய்து கோகிலாவைக் கூப்பிடச் சொன்னேன். வழக்கம்போல் இயந்திரச் சத்தம். அவள் வந்து எடுத்ததும், அக்கா தரமாட்டேன் என்கிறார் என்றேன், கொஞ்சம் புகாராகவே.

இயந்திரச் சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள்.

"குடுக்கலயா?" என்றாள். பிறகு, "அப்ப சரி சார். நான் முழு ஓ.டி.யும் முடிச்சுட்டே வரேன்."

எனக்குச் சீனி ஆகாது. அக்கா தே ஓவில், பாலில்லாத அந்தத் தேநீரில், சீனியை அள்ளித்தான் போடுவார். நாற்காலியில் உட்கார்ந்து, அன்று முழுவதையும் குடித்தேன்.